அண்ணன் சொல்லாத பாஸ்வேர்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் என் அண்ணன் நல்லவனாக வரமாட்டான். அவனுக்கும் ஒரு நியாயம் இருக்கும். அதை அவன் எழுதிக்கொள்ளட்டும், கை இருக்கிறது இல்லையா.

ஆந்திராவில், நாகலாபுரத்தைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் எங்கள் ஊர். வீட்டில் நான், நைனா, அம்மா. அண்ணன் என்னைவிட இரண்டு வயது பெரியவன், திருப்பதியில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தபோது அவன் பி.டெக். மூன்றாவது வருஷம். எனக்கும் மேலே படிக்க சீட் கிடைத்தது. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. "இருக்கட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த வருஷம் நான் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். ஒன்பது வருஷம் ஏறிக்கொண்டே இருந்தேன்.

கம்பெனியில் செல்போன் அசெம்பிளி. போர்டை எடுத்து உறையில் வைத்து நாலு ஸ்க்ரூ போட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. எத்தனை போர்டு என் கையைத் தாண்டிப் போயிருக்கும் என்று யோசித்தால் பைத்தியம் பிடிக்கும். அதில் ஒன்றுக்காவது நான் ஒரு வரி புரோகிராம் எழுதினது கிடையாது. எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் லைன் லீடரைப் பார்த்துக் கையைத் தூக்க வேண்டும், ஒன்றாம் கிளாஸ் பிள்ளை மாதிரி. எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு.

புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு தனியார் பள்ளி பேனர் கட்டியிருந்தது. இந்த வருஷம் முதல் ரோபோ வகுப்பு என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் போட்டு, நீலக் கண் வைத்த வெள்ளை பொம்மை ஒன்றின் படம். உள்ளே போய்க் கேட்டேன். பேனர் கட்டிவிட்டார்களே தவிர டீச்சர் கிடைக்கவில்லை. பள்ளியை நடத்துகிற கரஸ்பாண்டெண்ட் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற மனிதர். என் டிப்ளமா சர்ட்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காகிதம் எல்லாம் கீதும்மா. நீயே ஒரு ரோபோ செஞ்சி எடுத்துனு வா. என் எதிர்லயே புரோகிராம் போட்டு ஓட்டு. ஓடிச்சின்னா வேலை உனக்கு. திருப்பதியிலேர்ந்து இன்னொருத்தர் கேட்டுக்கினு கீறாரு, நான் ரொம்ப நாள் நிறுத்தி வைக்க முடியாது."

மூன்று வாரம் கொடுத்தார், மாதக் கடைசி சனிக்கிழமை வரை. ஓடினால் ரோபோ டீச்சர். ஓடாவிட்டால் அதே பஸ், அதே நாலு ஸ்க்ரூ. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ரோபோ என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். உள்ளங்கை அளவு தட்டு, இரண்டு மஞ்சள் மோட்டார், இரண்டு சக்கரம், முன்னால் சக்கரத்துக்குப் பதிலாக உருளுகிற ஒரு குண்டு, கறுப்புக் கோட்டைக் கண்டுபிடிக்கிற சென்சார், மூளைக்கு ஒரு சின்ன போர்டு. தரையில் கறுப்பு டேப் ஒட்டினால் அதன்மேலேயே போகும். ஆர்டர் போட்டேன், எல்லாம் ஒரே கிட்டாகக் கூரியரில் வந்தது. ஒரே மத்தியானத்தில் பூட்டி முடித்தேன். ஈயத்தை உருக்கிச் சால்டரிங் வைத்ததைப் பார்த்தால் நானே மெச்சிக்கொள்ளும்படி இருந்தது. நைனா எட்டிப் பார்த்து, "பொம்ம காரா மே இது?" என்றார். ஆமாம் நைனா, பொம்மைக் கார்தான், போய் மாட்டைப் பாரு என்றேன்.

அடுத்து அதற்குள் புரோகிராம் ஏற்ற வேண்டும். அதற்கு லேப்டாப் வேண்டும். லேப்டாப் அண்ணனுடையது.

அவன் திருப்பதியில் ஒரு ஓட்டலில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறான். பிரின்டர் சிக்கினால் பேப்பரை இழுப்பது, ரூம் புக்கிங் நின்றுபோனால் அணைத்துப் போடுவது. கேவலமான வேலை என்று சொல்லவில்லை. ஆனால் ஊரில் வந்து "சாஃப்ட்வேர்ல கீறேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தால் எனக்கு எரிச்சல் வராதா? போன வருஷம் புது லேப்டாப் வாங்கியபோது பழையதை எனக்குத் தருவதாகச் சொன்னான். தந்தான், ஆனால் சும்மா தரவில்லை. அதே மாதம் பைக் வாங்கியிருந்தான். திருமலை அடிவாரத்தில், அலிபிரியில் வண்டிகளுக்குப் பூஜை போடுவார்கள் இல்லையா, அங்கே பைக்கின் டேங்க் மேல் இந்த லேப்டாப்பையும் வைத்து, இரண்டுக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினான். மூடியில் சந்தனம், குங்குமம். என்டர் பட்டன் ஓரத்தில் ஏறிய குங்குமம் கடைசிவரை போகவில்லை.

பூஜை முடிந்த கையோடு, நல்ல நேரத்திலேயே, எனக்கென்று அதில் ஒரு தனிக் கணக்கு திறந்தான். கணக்குக்கு என் பேரை வைக்கவில்லை. ஏழுமலையான் பேரைத் தெலுங்கு எழுத்தில் அடித்து வைத்தான். எங்கள் பக்கத்தில் ஆட்டோ, லாரி, டீக்கடை, வெல்டிங் பட்டறை எல்லாவற்றுக்கும் அந்தப் பேர்தான். எனக்கும் அன்றைக்கு அது தப்பாகத் தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன், மடச்சி.

இப்போது ரோபோவைப் பூட்டி முடித்ததும், அந்த லேப்டாப்பைத் திறந்து போர்டைக் கேபிளில் சொருகினேன். லேப்டாப்பும் போர்டும் பேசிக்கொள்ள டிரைவர் என்று ஒரு குட்டி மென்பொருள் ஏற்ற வேண்டும். ஏற்றப் போனால், அட்மின் பாஸ்வேர்டு போடு என்று திரை கேட்டது. அட்மின் அண்ணன். நான் வெறும் விருந்தாளி. போன் போட்டேன்.

"பாஸ்வேர்டு இன்னாண்ணா?"

"அதெல்லாம் சொல்ல மாட்டேன். நீ கண்டதை ஏத்தி வைரஸ் வரவச்சிடுவே. இன்னா ஏத்தணுமோ இங்க எடுத்துனு வா, நானே போட்டுத் தரேன்."

"அதுக்காவ திருப்பதி வரைக்கும் வரணுமா?"

"வோணும்னா வா."

வேண்டும், அதனால் போனேன். வாரத்தில் எனக்கு இருக்கிற ஒரே லீவு ஞாயிற்றுக்கிழமை. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு புத்தூர், ரேணிகுண்டா என்று இரண்டு பஸ் மாறி, சாமி கும்பிடப் போகிற கூட்டத்தோடு இடிபட்டுக்கொண்டு போய் இறங்கினேன். ஓட்டலின் பின்பக்கம் பெட்ஷீட் மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தான். இரண்டு மணி நேரம். வந்தான், திரையைத் தன் பக்கம் திருப்பினான், ஒரு கையால் மறைத்துக்கொண்டு இன்னொரு கையால் பாஸ்வேர்டை அடித்தான். ஏடிஎம் வாசலில் முன்பின் தெரியாத ஆள் நின்றால்கூட நான் அப்படி மறைக்க மாட்டேன். கூடப் பிறந்தவள் நான்.

"ஆச்சா? போ. கூட்டமா கீது." சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

டிரைவர் ஏறியது. புரோகிராம் எழுதுகிற மென்பொருளுக்கு நல்லவேளையாகப் பாஸ்வேர்டு தேவைப்படவில்லை. திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு விளக்கை மினுக்குகிற நாலு வரியை எழுதி, ஏற்று என்று அழுத்தினேன். திரையின் கீழ்ப்பாதி முழுக்கச் சிவப்பு எழுத்து. ஃபைல் இல்லை, ஃபோல்டர் இல்லை, முடியாது. மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும் சிவப்பு. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். சிவப்பு. எனக்கு அந்த நிறமே பிடிக்காமல் போனது அந்த வாரம்தான்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். சிரித்தான். போனிலேயே கேட்கும்படி பக்கத்தில் யாரிடமோ தெலுங்கில் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தான்.

"டூப்ளிகேட் கிட் வாங்கிக்கினு கீறே. போர்டு போயிருக்கும். இல்லைன்னா உன் சால்டரிங் சரியில்ல. நீ ஸ்க்ரூ போடறவ, உனக்கு எதுக்கும்மே இதெல்லாம்?"

ஸ்க்ரூ போடுகிறவள். அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. ஆனால் அதைவிடப் பெரிய எரிச்சல் என்மேல்தான். அவன் சொன்னதை நம்பினேனே! பி.டெக். படித்தவன் சொல்கிறான், சரியாகத்தான் இருக்கும் என்று நன்றாக இருந்த சால்டரிங் எல்லாவற்றையும் உருக்கி எடுத்து, ஒயரைப் பிரித்து, மறுபடி ஒட்டினேன். நாலு நாள். விரலில் இரண்டு இடத்தில் சூடு. மறுபடி அழுத்தினேன், அதே சிவப்பு.

நான் சிவப்பு எழுத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். விடியக்காலை கம்பெனி பஸ்ஸில் அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து சீட்டில் உட்காருகிற அக்கா எட்டிப் பார்த்தாள். எனக்கு அடுத்த டேபிளில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். கம்ப்யூட்டரைத் தொட்டதே கிடையாது.

"இன்னாம்மே இது, நடுவுல இத்தினி கேள்விக்குறி போட்டு வச்சிகீறான்? அவனுக்கே சந்தேகமா?"

பார்த்தேன். ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லுகிற வரியில், சி டிரைவ், அதற்குள் யூசர்ஸ், அதற்கடுத்து வரிசையாகக் கேள்விக்குறிகள். கணக்கின் பேர் வரவேண்டிய இடம் அது. இரண்டு நிமிஷம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு பஸ்ஸிலேயே வாய்விட்டு, "அடப்பாவி!" என்றேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

நான் எழுதுவதை எல்லாம் போர்டுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிற ஒரு புரோகிராம் உண்டு, கம்பைலர் என்பார்கள். நான் ஏற்றியிருந்த அந்தப் பழைய கம்பைலருக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும். தெலுங்கில் இருந்த சாமி பேரைப் படிக்கத் தெரியாமல் கேள்விக்குறியாக்கி, அப்படி ஒரு ஃபோல்டரைத் தேடி, இல்லை இல்லை என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. கிட்டும் சரி, போர்டும் சரி, என் சால்டரிங்கும் சரி. நாலு நாள் போனது, என் விரல் வெந்தது, எல்லாம் அண்ணன் நல்ல நேரம் பார்த்து அடித்த அந்த ஒரு வரியால்.

சாயங்காலம் போன் போட்டேன். இங்கிலீஷில் என் பேரில் ஒரு கணக்கு திறந்து கொடு, அது போதும் என்றேன்.

"சாமி பேரை எடுக்கச் சொல்றியா?"

"எடுக்க வேணாண்ணா. அது பாட்டுக்கு இருக்கட்டும். இன்னொன்னு போடு."

"அலிபிரில பூஜை போட்டு வச்ச பேரு அது. சாமி பேராலதான் ஓடலைன்னு சொல்றே பாரு, நாக்கு அழுகிப்பூடும்."

"சாமிக்கு ஒண்ணும் ஆவாதுண்ணா. கம்பைலருக்குத்தான் தெலுங்கு வராது."

கட் பண்ணிவிட்டான். பண்ணினவன் அதோடு விட்டானா? நைனாவுக்குப் போட்டு, தங்கச்சி சாமியை நிந்திக்கிறாள் என்று சொல்லிவிட்டான். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்ததும் அந்தப் பேச்சுதான். நைனா என்னிடம், "அண்ணன் சொன்னா கேட்டுக்கினு போ மே, படிச்சவன்" என்றார். நானும் படித்தவள்தான் நைனா என்றேன். அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே, "துன்னும்போது இன்னாத்துக்கு இது" என்று பொதுவாகச் சொன்னாள். அவள் எப்போதும் பொதுவாகத்தான் சொல்வாள்.

அவனிடம் இனிமேல் கேட்பதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். பாஸ்வேர்டு இல்லாமல் எதுவரை போக முடியுமோ அதுவரை போவது. லேப்டாப்பில் டி என்று இன்னொரு டிரைவ் இருந்தது. அதில் இங்கிலீஷில் ஒரு ஃபோல்டர் திறந்தேன். நிறுவத் தேவையில்லாத, அப்படியே பிரித்து வைத்தால் ஓடுகிற வகை மென்பொருளை அதில் பிரித்து வைத்தேன். அது தற்காலிகமாக ஃபைல்களைப் போட்டு எடுக்கிற இடமும் சாமி பேருக்குள்தான் இருந்தது, அதையும் டி டிரைவுக்கு மாற்றினேன். சொல்ல இரண்டு வரி, கண்டுபிடிக்க ஐந்து சாயங்காலம். செல்போன் சிக்னலுக்காகக் களத்து மேட்டில் நின்றுகொண்டு யார் யாரோ எழுதியதைப் படித்தேன். அதில் பாதிப் பேர் அட்மினைக் கேளுங்கள் என்று முடித்திருந்தார்கள். அவர்களையும் திட்டினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் விளக்கு மினுக்கியது. அந்தத் துளியூண்டு ஆரஞ்சு விளக்கு. நான் அழுதேன். ஏன் மறைக்க வேண்டும், மூக்கு ஒழுக அழுதேன். வெள்ளிக்கிழமை கோடு பிடித்து ஓட வைத்தேன்.

சனிக்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டிருந்தேன். அண்ணன் ஊருக்கு வந்து நின்றான். நைனா வரச் சொல்லியிருக்கிறார், பெண் பிள்ளை தனியாக இன்டர்வியூவுக்குப் போகக் கூடாதாம். ஒன்பது வருஷமாக இருட்டில் போய்ப் பஸ் ஏறினேனே, அப்போது நான் பெண் பிள்ளை இல்லையா? "லேப்டாப்பு என்னுது. பாஸ்வேர்டு கேட்டா நீ இன்னா பண்ணுவே?" என்றான் அண்ணன். பைக்கில் அவன் பின்னால் உட்கார்ந்து போனேன்.

பள்ளிக்கூட ஹாலில் ஒரு பழைய பேனரைத் திருப்பிப் போட்டு, அதன் வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு டேப்பை வளைத்து ஒட்டினேன். கரஸ்பாண்டெண்ட் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ரோபோவை வைத்தேன். ஓடியது. வளைவில் கொஞ்சம் தலையை ஆட்டியது, ஆனால் கோட்டை விடவில்லை.

"பாகுந்தி, பாகுந்தி" என்று கை தட்டினார். பிறகு என்னைத் தாண்டி அண்ணனைப் பார்த்து, "நீங்க நேர்ப்பிச்சதா?" என்றார். நீங்கள் கற்றுக்கொடுத்ததா என்று அர்த்தம்.

"செட்டப் எல்லாம் நான்தான் சார். பாப்பா கூட இருந்து பார்த்துக்கினு இருந்திச்சி."

பாப்பா! அங்கேயே கத்தியிருப்பேன். கத்தினால் வேலை போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர், "சரி, கோடு முடியற இடத்துல நின்னு, திரும்பி வரணும். செஞ்சி காட்டுங்க" என்றார். வாத்தியார்களுக்கே உள்ள சந்தேகம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். நான் லேப்டாப்பைத் தூக்கி அண்ணன் முன்னால் வைத்தேன்.

"நீ செய்யிண்ணா. செட்டப் உன்னுதுதானே."

அவன் என்னைப் பார்த்தான். நான் கையைக் கட்டிக்கொண்டேன். திரையை மேலே தள்ளினான், கீழே தள்ளினான். ஒரு மெனுவைத் திறந்தான், மூடினான். "லைப்ரரி ஒண்ணு மிஸ்ஸிங் சார்" என்றான். லைப்ரரி என்றால் வேறு யாரோ எழுதி வைத்த புரோகிராமைக் கடன் வாங்கிச் சேர்ப்பது. "அதுல லைப்ரரியே இல்லண்ணா. மொத்தம் நாப்பது வரி, நான் எழுதினது" என்றேன். கரஸ்பாண்டெண்ட் விரலை அசைத்து என்னைக் கூப்பிட்டார். உட்கார்ந்து ஆறு வரி சேர்த்து ஏற்றினேன். ரோபோ கோட்டின் முனைவரை போய் நின்றது, நின்ற இடத்திலேயே அரைச் சுற்றுத் திரும்பியது, வந்த வழியே திரும்பி வந்தது.

அண்ணன் எழுந்தான். கேபிளைப் பிடுங்கினான், லேப்டாப்பை மூடினான், கக்கத்தில் வைத்துக்கொண்டு, "என்னுது, நான் எடுத்துனு போறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கும் அதற்காக வருத்தப்படவில்லை.

"மிஷின் போச்சே, இப்ப எப்படிம்மா?" என்றார் கரஸ்பாண்டெண்ட்.

"ஏத்தினது அதுக்குள்ளயே இருக்கும் சார். லேப்டாப் வேண்டியதில்ல." ரோபோவை மறுபடி கோட்டில் வைத்தேன். போய்த் திரும்பி வந்தது. அவரே குனிந்து எடுத்துத் தன் கையால் இன்னொரு தடவை விட்டுப் பார்த்தார்.

"திங்கக்கெழம வந்து சேந்துக்கோ. மேல லேப்ல பன்னெண்டு கம்ப்யூட்டர் கீது, எல்லாத்துலயும் நீயே இதை ரெடி பண்ணிடு. பாஸ்வேர்டு மட்டும் ஆபீஸ் சார்கிட்ட இருக்கும். எதுனா ஏத்தணும்னா அவரைக் கூப்புடு, வந்து அடிச்சிட்டுப் போவாரு."

வேலை கையில் இருந்தது. சரி சார் என்று ஒரு வார்த்தை போதும். ஒன்பது வருஷம் நின்ற கால் அந்த வார்த்தையைச் சொல் சொல் என்றது. வாய் வரவில்லை.

"கூப்புட மாட்டேன் சார்" என்றேன். "பாஸ்வேர்டை என் கையில குடுத்தா வரேன். இல்லைன்னா வேணாம்."

கெடுத்துக்கொண்டேன், என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். திங்கட்கிழமை பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட மனது கணக்குப் போட்டுவிட்டது. அவர் ஆபீஸ் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். ஆபீஸ் சார் வந்தார், விஷயத்தைக் கேட்டார், முகத்தைச் சுளித்தார். "மேடத்துக்கு எதுக்கு சார் அதெல்லாம், நான்தான் இருக்கேனே" என்றார்.

"நீ எழுதிக் குடுய்யா" என்றார் கரஸ்பாண்டெண்ட்.

ஆபீஸ் சார் மேஜையில் குனிந்து, இடது கையால் மறைத்துக்கொண்டு ஒரு சீட்டில் எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் அதை என்னிடம் கொடுக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்த மாதிரி கையை எடுத்தார். நான் சீட்டை வாங்கி, அவர் எதிரிலேயே நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமில்லாமல் படித்துப் பார்த்துவிட்டு, மாடி எந்தப் பக்கம் என்று கேட்டேன்.